பனிப்பெட்டியில் நாற்பத்திரண்டு கொழுக்கட்டைகள்

1

சென்ற வாரம் நாகர்கோவிலிலிருந்து அண்ணன் மகளின் கடிதம் வந்தது. அவர்கள் வீட்டிலும் குளிர்பதனப் பெட்டி வாங்கிவிட்டார்களாம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கதவைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். கடிதத்தின் முடிவில் ஒரு கேள்வி: "அத்தை, நீங்கள் இலைக் கொழுக்கட்டையைப் பனியில் உறைய வைத்து, பத்து நாள் கழித்துச் சூடாக்கிச் சாப்பிட்டீர்கள் என்று அப்பா சொல்கிறார். அது கல்லாகிவிடாதா? இல்லை கூழாகிவிடாதா?"

இரண்டும் ஆகும். எங்கள் வீட்டில் இரண்டும் ஆனது. மூன்றாவதாக, நன்றாகவும் வந்தது. அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். கொழுக்கட்டையைப் பற்றி நாலு வரி எழுதினால் போதும். ஆனால் அந்த நாலு வரியை எழுதப் போனால் போன வருடம் நடந்தது முழுவதும் கூடவே வருகிறது. எனவே அவளுக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நான் இந்தத் தீவுக்கு வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. என் கணவர் இங்கேயே பிறந்தவர். அவருடைய பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர். பேரன் சென்னைக்குப் படிக்க வந்து, கணிதத்தில் பட்டம் வாங்கி, என்னையும் கட்டிக்கொண்டு கப்பலேறினார். இப்போது உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். எங்கள் வீடு சேன் பியேரில். மூன்று பக்கமும் கரும்பு, ஒரு பக்கம் சாலை.

சென்னையில் நான்கு வருடம் இருந்தும் அவர் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. பஸ் எண்ணைப் பார்த்து ஏறி, கல்லூரிக்குள் ஆங்கிலத்தில் பேசிக் காலம் தள்ளியவர். காதால் கேட்டால் முக்கால்வாசி புரியும். பேசினால் பாதி, இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் கலந்து வரும். ஆணும் பெண்ணும் அவர் பேச்சில் அஃறிணையாகிவிடுவார்கள். "உங்க அம்மா லெட்டர் போட்டுச்சு" என்பார். முதலில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

எங்களுக்கு ஒரே மகள், வள்ளி. போன வருடம் அவளுக்குப் பதினொரு வயது. இங்கே பிள்ளைகள் தாயை 'மாமா' என்றும் தகப்பனை 'பாப்பா' என்றும் கூப்பிடுவார்கள். நான் மாமாவாகவும் அவர் பாப்பாவாகவும் இருக்கும் வீட்டை ஊரிலிருந்து யாராவது வந்து பார்த்தால் தலை சுற்றிப் போவார்கள். சனிக்கிழமை தோறும் கோவிலில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு அவளை அனுப்புகிறேன். எழுத்துக்கூட்டி எதையும் வாசித்துவிடுவாள். வாசித்ததற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள். "மோ பா கோனே" என்பாள். தெரியாது என்று அர்த்தம்.

அவள் அப்படித் தோளைக் குலுக்கும்போதெல்லாம் நான் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "இரு, உன்னை ஊருக்கு, என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். ஆறு மாதத்தில் தமிழ் தானாக வரும்." சும்மா மிரட்டலாகத்தான் ஆரம்பித்தது. பிறகு உண்மையாகவே அண்ணனுக்கு எழுதினேன். அவனும் சம்மதித்துப் பதில் போட்டிருந்தான். என் கணவர் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

2

போன வருடம் என் வயிற்றில் ஒரு கட்டி இருப்பதாக டாக்டர் சொன்னார். திறந்து பார்த்தால்தான் என்னவென்று தெரியும், இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றார். அவர் அதை பிரெஞ்சில் சொன்னார், கணவர் ஆங்கிலத்தில் சொன்னார், நான் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன். மூன்று மொழியிலும் அது ஒன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு வந்த முதல் கவலை, இவர்கள் இரண்டு பேரும் காலையில் என்ன சாப்பிடுவார்கள் என்பது. என் கணவர் அதுவரை அடுப்பு மூட்டியதே இல்லை. பக்கத்து வீட்டுத் தனம் இரவுச் சோற்றுக்குத் தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டாள். தனத்தின் புருஷன் பஸ் கண்டக்டர். அவளும் கூலிக்கு வந்தவர்களின் பேத்திதான். என்னை 'அக்கா' என்பாள், அதற்குப் பிறகு வருவதெல்லாம் கிரியோல். ஆனால் கறிவேப்பிலையைக் 'காரிப்புலே' என்றும் கொத்தமல்லியைக் 'கோத்தோமிலி' என்றும் அவள் சொல்லும்போது, எத்தனை பேர் வாய் வழியாக அந்தச் சொற்கள் இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன என்று நான் யோசித்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

எங்கள் வீட்டில் ஒரு குளிர்பதனப் பெட்டி இருந்தது. பள்ளியை விட்டு இங்கிலாந்து திரும்பிய ஓர் ஆசிரியர் கொடுத்துவிட்டுப் போனது. அதன் மேல்தட்டில் சின்னதாக ஒரு பனிப்பெட்டி. அதில் என்னவெல்லாம் வைக்கலாம் என்று ஒரு வாரம் சோதித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிப் பயத்தை மறக்க அது நல்ல வேலையாக இருந்தது. இட்லியை வைத்தேன்; உருகியபோது ரவையாக உதிர்ந்தது. புளிக்குழம்பைப் புட்டியில் ஊற்றி வைத்தேன். காலையில் புட்டி விரிசல் விட்டிருந்தது. சோறு பருக்கை பருக்கையாக விறைத்தது. கடைசியில் வாழையிலையில் மடித்த கொழுக்கட்டை ஒன்றை வைத்தேன். மூன்று நாள் கழித்து எடுத்து, நேராக ஆவியில் வேக வைத்தேன். இலை மட்டும் கறுத்திருந்தது. உள்ளே இருந்தது நேற்றுச் செய்தது போல இருந்தது. இலை ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று புரிந்தது.

கொல்லையில் இருந்த வாழையில் இலை அறுத்து, தணலில் வாட்டி, பச்சரிசி மாவும் தேங்காய்ப் பூரணமும் வைத்து மடித்தேன். ஊரில் கருப்பட்டி போடுவோம். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கரும்பு, ஆனால் கருப்பட்டி கிடையாது. மில்லிலிருந்து வரும் கருஞ்சர்க்கரையைப் போட்டேன். வள்ளிக்கு ஒன்று, அவருக்கு இரண்டு, பதினான்கு நாள். நாற்பத்திரண்டு. வேக வைத்து, நன்றாக ஆற வைத்து, எண்ணெய்க் காகிதத்தில் மூன்று மூன்றாகக் கட்டி அடுக்கினேன்.

பிறகு உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில் அடுப்பு. இரண்டாம் பக்கத்தில் கொழுக்கட்டை. மூன்றாம் பக்கத்தில் வள்ளிக்கு எண்ணெய் தேய்ப்பது, பள்ளிச் சட்டை, அவள் மறைத்து வைக்கும் மருந்து. நான்காம் பக்கத்தில் மூன்றே மூன்று வாக்கியம்.

தமிழில்தான் எழுதினேன். என் ஆங்கிலம் கடைக்குப் போதும், இதற்குப் போதாது. அவர் தட்டுத்தடுமாறித் தானே எழுத்துக்கூட்டிப் படிப்பார், நான்காம் பக்கத்துக்கு வர இரண்டு வாரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் நான் நல்லபடியாகத் திரும்பிவிட்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். திரும்பாவிட்டால் அவர் படிக்கத்தான் வேண்டும்.

3

ஆஸ்பத்திரியில் பெயர் எழுதும் மேசையில் ஒருவர் கேட்டார், "குடும்பப் பெயர்?" நான் வழக்கம்போல என் பெயரைச் சொன்னேன், தா. இராஜம் என்று. தா என்றால் என்ன என்றார். என் அப்பா, தாணுலிங்கம் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அன்று மாலை என் கணவர் பார்க்க வந்து 'மதாம் சின்னப்பன்' எங்கே என்று கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பார்வை நேரத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. கடைசியில் அவரே ஒவ்வொரு வார்டாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"நீ இல்லேன்னு சொன்னாங்க" என்றார் கட்டில் பக்கத்தில் நின்று.

"நான் அப்பா பெயரைச் சொல்லிட்டேன்" என்றேன். "கொழுக்கட்டை சாப்பிட்டீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். காலையில் குறிப்பைப் படிக்காமல் தானே யோசித்திருக்கிறார். பனி உருக வேண்டும், உருக்கச் சூடு வேண்டும், சூட்டை வேகமாகக் கொடுப்பது கொதிக்கும் தண்ணீர். மூன்று கொழுக்கட்டையையும் இலையைப் பிரித்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டார். இனிப்புக் கூழ் கிடைத்தது. வள்ளி அதை டம்ளரில் ஊற்றிக் குடித்தாளாம்.

மறுநாள் எனக்கு அறுவைச் சிகிச்சை. அன்று காலை இருவரும் குறிப்பைக் கையில் எடுத்திருக்கிறார்கள். அப்போதுதான் என் கணக்கு தவறிவிட்டது. அவருக்கு எழுத்து தெரியாது, ஆனால் கேட்டால் புரியும். வள்ளிக்குப் புரியாது, ஆனால் எழுத்து தெரியும். அவள் வாசிக்க, அவர் கேட்க, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளாக என் கடிதத்தைப் படித்தார்கள். நான் அதை நினைத்தே பார்க்கவில்லை.

"இ-லை-யோ-டு ஆ-வி-யில் வை-யுங்-கள்" என்று வாசித்திருக்கிறாள் வள்ளி. இலையோடு என்பது அவள் வாயில் 'இல்லையோடு' என்று வந்திருக்கிறது. இலை வேண்டுமா வேண்டாமா என்று இருவருக்கும் ஒரு வாதம். அது தீர்ந்த பிறகு 'ஆவி'. அந்தச் சொல்லை அவர் கோவில் பாட்டில் கேட்டிருக்கிறார், உயிர் என்று அர்த்தம். உயிரில் எப்படி வைப்பது? வேலியருகே போய்த் தனத்தைக் கேட்டிருக்கிறார்.

தனத்துக்கு ஆவி என்றால் ஒன்றுதான். "திமூன் மோர்" என்றாளாம். செத்த ஆள். "அக்கா ஏன் அப்படி எழுதிச்சு? இன்னிக்கு ஆபரேஷன். அந்தப் பேச்சு கூடாது."

அன்று காலை அவர்கள் ரொட்டி சாப்பிட்டிருக்கிறார்கள். பனிப்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்த மூன்றும் மாலைவரை அங்கேயே உருகி, வியர்த்து, பிளந்துகிடந்தன. அண்ணன் மகளே, இதைக் குறித்துக்கொள்: வெளியே வைத்து உருக விடாதே. மாவு வெடிக்கும்.

4

மயக்கம் தெளிந்து மூன்றாவது நாள், இருவரும் வந்தார்கள். கட்டி கெட்டதா நல்லதா என்று பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், முடிவு வரவில்லை. நான் வலியில் படுத்திருந்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெதுவான குரலில் கேட்டார்.

"ராஜம், ஆவி, கி எத்தே சா?"

அது என்ன என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வார்டின் மூலையில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் காட்டினேன். மூடியின் ஓரத்தில் புகை போல எழும்பிக்கொண்டிருந்தது.

"லாவாபேர்" என்றாள் வள்ளி. நீராவி என்பதற்கு அவர்கள் சொல். பிறகு தகப்பனைப் பார்த்து, "அவ்வளவுதானா?" என்று கிரியோலில் கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் எனக்கு அறிக்கை வந்தது. பத்து நிமிடம் வைத்தால் ஓரம் சூடு, நடு பனிக்கட்டி. "லி ஆங்கோர் தீர்" என்று வள்ளி பல்லைத் தொட்டுக் காட்டினாள், இன்னும் கெட்டி என்று. பதினைந்து நிமிடத்தில் நடு இளகும், ஆனால் பூரணம் குளிர்ந்தே இருக்கும். முப்பது வைத்தால் இலை கிழிந்து தண்ணீர் புகுந்துவிடும். அவர் கணித நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தார். எட்டாவது நாள் இருபத்திரண்டு என்று முடிவுக்கு வந்தார்கள். பனிப்பெட்டியிலிருந்து எடுத்ததும் நேராக, இலையோடு, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு, இருபத்திரண்டு நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து மூடியைத் திறக்காமல் ஐந்து நிமிடம். இந்த ஐந்து நிமிடம் என் குறிப்பில் இல்லை. அவர்களாகக் கண்டுபிடித்தது.

ஆனால் அந்த எட்டாவது நாளை எனக்குச் சரியாக நினைவில்லை. தையல் சீழ் வைத்து எனக்குக் கடும் காய்ச்சல். யாரோ வந்தார்கள், யாரோ போனார்கள். பத்தாவது நாள் காய்ச்சல் இறங்கியது.

பதினொன்றாவது நாள் அவர் தனியாக வந்தார். வள்ளி எங்கே என்று கேட்டேன். தனம் வீட்டில் என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொழுக்கட்டை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"வள்ளி எங்கயும் போகாது. அது என்னோட இருக்கும். நீயும் இருக்கும்."

நான்காம் பக்கத்துக்கு வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. யார் வாயால் அதைக் கேட்டிருப்பார் என்பது அடுத்த நொடியில் தெரிந்தது.

"அவ வாசிச்சாளா?"

"ம்."

"அவளுக்குப் புரிஞ்சுதா?"

"நான் வேற சொன்னேன். பிரிட்ஜ் கதவை நல்லா மூடுன்னு எழுதியிருக்குன்னு சொன்னேன்."

"நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றேன். "அண்ணன் கடிதம் வந்தப்போ. நீங்க சரின்னுதான் நினைச்சீங்கன்னு நான் நினைச்சேன்."

"எனக்குத் தமிழ்ல சண்டை போட வராது" என்றார். "நீ கடகடன்னு பேசுவே. நான் சொல்லைத் தேடிக்கிட்டு இருக்கும்போது நீ முடிச்சிடுவே."

பதின்மூன்று வருடத்தில் அவர் என்னிடம் தமிழில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். மணி அடித்து எல்லோரையும் வெளியே போகச் சொல்லும்வரை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. கட்டியில் கெடுதல் ஒன்றும் இல்லை.

5

இருபத்து நான்காம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு வந்தேன். பனிப்பெட்டியைத் திறந்தால் மூன்று பொட்டலம் அப்படியே இருந்தது. ஒன்பது கொழுக்கட்டை. நான்காம் பக்கம் படித்த பிறகு அவர் எடுக்கவில்லையாம். ஏன் என்று வள்ளி கேட்டதற்கு, மாமா வந்ததும் சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை காலை என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். அவர் அடுப்பை மூட்டினார். வள்ளி பொட்டலத்தைப் பிரித்து, விறைத்த இலை நொறுங்காமல் இரண்டு கையாலும் எடுத்து இட்லித் தட்டில் வைத்தாள். அவர் கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டார். என் சமையலறையில் நான் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன். பால்காரர் வந்து கூப்பிட, அவர் வெளியே போனார்.

வள்ளி அடுப்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல், கிரியோலில் கேட்டாள்: "மாமா, பிரிட்ஜ் கதவு பற்றிய வாக்கியத்தில் என் பெயர் ஏன் இருக்கிறது?"

அவளுக்குத் தமிழ் புரியாமல் இருக்கலாம், தன் பெயரை எழுதினால் தெரியாதா? அன்றே பாப்பா பொய் சொல்கிறார் என்று கண்டுகொண்டிருக்கிறாள். அந்த மூன்று வாக்கியத்தையும் நோட்டில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டாள். முழுசாகக் காட்டினால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று, ஒவ்வொரு சொல்லாக வெவ்வேறு ஆளிடம் கேட்டிருக்கிறாள். 'ஊர்' என்றால் என்ன என்று தனத்திடம். 'பரவாயில்லை' என்றால் என்ன என்றும் தனத்திடம்தான், ஆனால் வேறொரு நாள். 'இல்லாவிட்டாலும்' என்பதைத் தமிழ் வகுப்பு வாத்தியாரிடம். அவர் மகிழ்ந்துபோய், இவ்வளவு கடினமான சொல்லை எங்கே பிடித்தாய் என்று கேட்டாராம்.

நோட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அவள் கையெழுத்தில் என் வாக்கியங்கள் இருந்தன. நான் இல்லாவிட்டாலும் வள்ளியை ஊருக்கு அனுப்ப வேண்டாம். தமிழ் வராவிட்டால் பரவாயில்லை. உங்களோடு இருக்கட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பென்சிலால் கிரியோலில் அர்த்தம் எழுதியிருந்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"நீ இல்லாவிட்டாலும்னா, எங்க போறதா இருந்தே?" இதைத் தமிழில் கேட்டாள்.

"எங்கயும் போறதா இல்லை. போயிடுவேனோன்னு பயந்தேன்."

"அதனாலதான் நாற்பத்திரண்டு செஞ்சியா?"

"ஆமாம்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மூடி தடதடவென்று ஆடியது. கடிகாரத்தைப் பார்த்துத் தீயைக் குறைத்தாள். பிறகு நோட்டின் இரண்டாவது வாக்கியத்தில் விரலை வைத்தாள்.

"இதுல தமிழ் வராவிட்டால் பரவாயில்லைன்னு எழுதியிருக்கே."

"எழுதியிருக்கேன்."

"அப்போ இன்னிக்குக் கோவில் கிளாசுக்கு நான் போக வேணாம்."

இத்தனை நாள் ஒவ்வொரு சொல்லாக ஆளாளிடம் கேட்டுச் சேர்த்தவள் கடைசியில் எங்கே வந்து நிற்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தையலை நினைத்து இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

"முதல் வாக்கியத்தைத் திரும்ப வாசி" என்றேன்.

"நான் இல்லாவிட்டாலும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"அது நான் இல்லாவிட்டால். இப்போ நான் இருக்கேன்."

அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுத்துச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடுவது முகத்தில் தெரிந்தது. அடுப்பை அணைத்தாள். மூடியைத் திறக்காமல் ஐந்து நிமிடம் காத்திருந்து, முதல் கொழுக்கட்டையை எடுத்து, விரல் சுடச்சுட இலையைப் பிரித்து என் தட்டில் வைத்தாள். நான் வாயில் போட்டு, நடுவில் சூடு இருக்கிறதா என்று நாக்கால் பார்ப்பதை நின்று கவனித்தாள். நன்றாக இருக்கிறது என்று நான் சொன்ன பிறகு, தன் பங்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினாள்.